அரைப்படித் தவிடு

எங்கள் அக்காவுக்கு வாய் நீளம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தில் எத்தனையோ பேருக்குக் கை நீளமாக இருக்கிறது. அவர்களையெல்லாம் விட்டுவிட்டு வாய் நீளமானவளைப் பிடித்துக்கொண்டார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் அக்காவும் நானும் ஒரு சலவை ஆலையில் வேலை செய்கிறோம். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்குள் விட்டு, மொடமொடப்பாக வெளியே எடுக்கும் ஆலை. விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். அந்த உருளைகள் போடும் இரைச்சலில் எதிரே நிற்பவளிடம் பேசவே கத்த வேண்டும். வருஷக்கணக்காகக் கத்தி அக்காவின் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் கீழ் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

அவளுடைய ஒரே மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். காலையில் அவளை எழுப்பிக் கிளப்புவதற்குள் அக்காவின் வாயிலிருந்து ஒரு படையே புறப்படும். "எழுந்திருக்கிறியா, தோலை உரிச்சு உப்பைத் தடவட்டுமா?" "ஷூவ எங்கடி போட்டே? காலை உடைச்சு அடுப்புல வெச்சிடுவேன்." "உன்னைப் பெத்ததுக்கு ஒரு தென்னம்பிள்ளைய வெச்சிருந்தா இளநீராவது குடுத்திருக்கும்." வாலு சளைக்கவே மாட்டாள். "தென்னம்பிள்ளை உனக்கு முத்தம் குடுக்குமாம்மா?" என்பாள். அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "கடிச்சுத் தின்னுடப் போறேன் பாரு" என்பாள். அந்தப் பிள்ளை மேல் ஒரு அடி விழுந்து நான் பார்த்ததில்லை. நான் அவர்களோடுதான் இருக்கிறேன். எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஈ பறக்காது.

எல்லாவற்றையும்விட வாலுவுக்குப் பிடித்தது தவிட்டுக் கதை. எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்வதுதானே. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று அக்கா சொன்னால், "எவ்வளவு தவிடு?" என்று இவள் கேட்பாள். "அரைப்படி." "போம்மா, அவ்வளவுதானா?" "அதுவே அதிகம். கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான்." அத்தானும் தன் பங்குக்கு, "ஒரு படின்னுதான் கேட்டான், நான்தான் பேரம் பேசினேன்" என்பார். அத்தான் லிப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை செய்வதாலோ என்னவோ, பேச்சே குறைவு. அவர் வாயைத் திறந்து செய்யும் ஒரே வேடிக்கை அதுதான். வாலு உருண்டு உருண்டு சிரிப்பாள்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் அந்த விளக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். மேஜையில் வைத்துப் படிக்கும் விளக்குதான், ஆனால் பேசும். கணக்குச் சொல்லித் தரும், கதை சொல்லும், எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில் பதில் சொல்லும். கம்பெனி இலவசமாகக் கொடுக்கிறது, அரசாங்கம் சிபாரிசு செய்கிறது என்றார் டீச்சர். எனக்கு அப்போதே சுருக்கென்றது. "ஆதாயம் இல்லாம எவனும் ஆத்தோட போக மாட்டான்" என்றேன். அத்தான், "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று சொல்லி அதைச் செருகிவிட்டார். பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த மாட்டுக்குப் பல் இல்லை, காதுதான் இருந்தது.

விளக்கு பேசிய தமிழைக் கேட்டு முதலில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். "வணக்கம் கண்ணே. இன்று உனக்கு நான் எவ்வாறு உதவட்டும்?" என்று இனிக்க இனிக்கக் கேட்கும். "நீ முயற்சி செய்ததை நான் பாராட்டுகிறேன்" என்னும். வாலு அதே குரலில் என்னிடம் வந்து, "சித்தி, ரிமோட்டை நீ ஒளித்து வைத்ததை நான் பாராட்டுகிறேன்" என்பாள். பிறகு பழகிப்போய்விட்டது. பச்சைப் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம் அதன் காலடியில் எரிந்துகொண்டே இருந்தது. அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. விளக்கை யாராவது சந்தேகப்படுவார்களா?

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வாலு வரவில்லை.

அக்கா ஓடினாள். வாசலில் டீச்சர் கண்ணைப் பார்க்காமல் ஒரு விலாசத்தைக் கொடுத்தார். பிள்ளைகள் நலத்துறை. நானும் அத்தானும் நேரே அங்கே போய் அக்காவோடு சேர்ந்துகொண்டோம். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, எதிரே நடுவயது அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தம்பி. முகத்தைப் பார்த்தால் நம் பிள்ளை என்று தெரிந்தது. எனக்கு இந்த ஊர் மொழி நன்றாக வரும். ஆனால் சட்டப்படி அவன்தான் பேச வேண்டுமாம்.

அந்த அதிகாரி கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். பிறகு ஒரு அறிக்கையைப் படித்தாள். விளக்கு தானாகக் கேட்டு, தானாக மொழிபெயர்த்து, தானாகவே ஆபத்து என்று அடையாளம் போட்டு அனுப்பியது.

"குழந்தையின் தோலை அகற்றி, அதன்மேல் உப்பு இடப்போவதாகத் தாய் கூறினார். குழந்தையின் காலை முறித்து அடுப்பெரிக்கப் பயன்படுத்தும் எண்ணத்தை வெளியிட்டார். குழந்தையை உண்ண விரும்புவதாகப் பலமுறை தெரிவித்தார். குழந்தைக்குப் பதிலாக ஒரு மரத்தைப் பெற்றிருக்கலாம் என வருந்தினார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் அவள் கடைசிப் பகுதிக்கு வந்தாள்.

"குழந்தை விலைக்கு வாங்கப்பட்டதாகத் தாயும் தந்தையும் வெவ்வேறு நாட்களில் உறுதிசெய்திருக்கிறார்கள். விலை பற்றியும் பேரம் பற்றியும் விவரம் தந்திருக்கிறார்கள். இன்று பள்ளியில் குழந்தையிடம் கேட்டோம், இவர்கள் உன் அப்பா அம்மாதானா என்று. தன்னை வாங்கியதாகவே குழந்தையும் சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள்."

வாலு எப்படிச் சொல்லியிருப்பாள் என்று என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. யாரோ புதிதாக ஒருவர் வந்து கேட்கிறார், தன்னுடைய கதை அவருக்கும் தெரிந்திருக்கிறது. பெருமையாக நெஞ்சை நிமிர்த்தி, அரைப்படி என்று கையால் அளந்தும் காட்டியிருப்பாள்.

"இது விளையாட்டுப் பேச்சும்மா" என்று அத்தான் எழுந்து நின்று சொன்னார். அவர் குரல் அப்போதே உடைந்துவிட்டது. "எல்லாரும் சொல்றதுதான். எங்கம்மாவும் என்னைச் சொன்னாங்க."

"உங்களையும் வாங்கினார்களா?" என்றாள் அதிகாரி. கேலியாக இல்லை, அக்கறையாகக் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

நான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். "தம்பி, நீயாவது சொல்லு. உங்க வீட்டுல உங்கம்மா உன்னைத் திட்டினதே இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க வீட்ல தமிழ் பேசறதில்ல அக்கா. நான் கிளாஸ்ல படிச்சதுதான்."

அதுவரை அக்கா பேசவே இல்லை. வாய் நீளமானவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவள் பக்கம் திரும்பி, இந்த வார்த்தைகளைச் சொன்னது உண்மையா, குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் இருந்ததா என்று கேட்டாள். தம்பி மெதுவாகத் தமிழில் கேட்டான். அக்கா எழுந்தாள். சலவை ஆலைக் குரலில் சொன்னாள்:

"என் புள்ளைய நான் கொல்லுவேன், கொஞ்சுவேன். நடுவுல நீங்க யாரு?"

இதைவிட அன்பாக ஒரு தாய் பேச முடியாது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். தம்பி வெளுத்துப் போனான். ஒருமுறை என்னைப் பார்த்தான், பிறகு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள்.

வாலுவை வேறொரு குடும்பத்தில் வைத்தார்கள். விசாரணை முடியும் வரை என்றார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் தாள் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெற்ற பிள்ளைதான் என்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் தோலும் உப்பும் அப்படியே நின்றன.

நான் அந்தக் கம்பெனிக்குப் போனேன். முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே இருப்பவர்களை நாம் பார்க்கலாம், ஆனால் யாரையும் பிடிக்க முடியாது. வரவேற்பில் இருந்த பெண், "எங்கள் விளக்கு ஒட்டுக் கேட்பதில்லை, கற்றுக்கொள்கிறது" என்றாள். அரசாங்கம் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்றாள். துறையில் கேட்டால், கம்பெனி சொன்னால் நாங்கள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றார்கள். இவனைக் கேட்டால் அவன் கை காட்டுகிறான், அவனைக் கேட்டால் இவன் கை காட்டுகிறான். இரண்டு பேருக்கும் நடுவில் என் அக்காவின் மடி காலியாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, விளக்கு அனுப்பும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் துறை அந்தக் கம்பெனிக்குக் காசு கொடுக்கிறது. வாலுவுக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய அக்கா பாடிக்கொண்டு நெற்றிக்கு ஈரத்துணி போட்டாளே, விளக்கு அதையும் கேட்டுத்தான் இருக்கும். அதற்கு யாரும் காசு தருவதில்லை போலிருக்கிறது.

பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு துறை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எங்கள் மேல் மாடியில் ஒருவன் இருக்கிறான், தன் மகனை அடிப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான், அமைதியாக அடிப்பான். எங்களுக்குக் கூரையில் கேட்கும். நான் போய்ச் சொன்னேன். அந்த வீட்டு விளக்கு அதை 'அமைதியான வீடு' என்று தெரிவித்திருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்காவுக்கு ஒரு பயிற்சி போட்டார்கள். 'சாந்தமான பெற்றோர்'. அதை நடத்துவதும் அந்தக் கம்பெனிதான். முதலில் நோயைக் கொடுப்பது, பிறகு மருந்தை விற்பது. ஆனால் அதைத் தேறாமல் பிள்ளை வராது. அக்கா ஒழுங்காகப் போனாள். சொல்லிக்கொடுத்த வாக்கியங்களை ஆலையில் விரிப்பைப் பிடித்துக்கொண்டே மனப்பாடம் செய்தாள். உருளைச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டுமே. "நீ கோபமாக இருக்கிறாய் என்று நான் புரிந்துகொள்கிறேன்!" என்று என்னைப் பார்த்து அடித்தொண்டையில் அலறுவாள். "உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்!" சுற்றி நின்று வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். விரிப்பை மடித்துக்கொண்டு அவள் பக்கம் வந்து சேரும்போது பார்த்தால் அவள் கண் நிறைந்திருக்கும்.

முதல் தடவை வாலுவைப் பார்க்க விட்டபோது நானும் போனேன். பொம்மைகள் அடுக்கிய அறை. சுவரில் அதே பச்சைப் பொட்டு. மூலையில் அதிகாரி, பக்கத்தில் தம்பி. வாலு ஓடி வந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிறகு தள்ளி நின்று, குறும்பாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, நான் இன்னிக்குப் பல்லே விளக்கல தெரியுமா?"

அவள் காத்திருந்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தொண்டை வரை வந்ததை அக்கா விழுங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

"பல் துலக்குவது நல்ல பழக்கம் கண்ணே" என்றாள் அக்கா.

வாலு விடவில்லை. நாற்காலி மேல் ஷூவோடு ஏறி நின்றாள். பொம்மையின் கையைப் பிய்த்தாள். அக்கா, "நீ உற்சாகமாக இருக்கிறாய் என்று நான் புரிந்துகொள்கிறேன்" என்றாள். பிள்ளை அப்படியே இறங்கி வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா விளக்கு மாதிரி பேசறே?"

அதிகாரி எழுதிக்கொண்டாள். 'தாயிடம் நல்ல முன்னேற்றம்' என்று எழுதினாள். அதைப் பிறகு வக்கீலம்மா சொன்னார். துறையே எங்களுக்கு வைத்துக்கொடுத்த வக்கீல் அவர், நல்ல மனுஷி. அவர்தான் எச்சரித்தார். "ஏன் இப்படிப் பேசறீங்கன்னு குழந்தைகிட்ட விளக்கம் சொல்லாதீங்க. ரகசியம் சொல்லித் தர்றீங்கன்னு ஆயிடும். ஒவ்வொரு வாரமும் அவகிட்ட கேப்பாங்க. அம்மா என்ன சொன்னாங்க, எதையாவது மறைக்கச் சொன்னாங்களான்னு." ஏழு வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கள் வாலுவுக்குச் சுத்தமாகத் தெரியாது, பல் விளக்காததைக்கூட அவளே வந்து சொல்லிவிடுவாள்.

குளிர்காலம் போய் வெயில் வந்த பிறகு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நிபந்தனையோடுதான். ஒரு வருஷத்துக்குக் கூடத்தில் ஒரு விளக்கு, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. வாலுவின் கையில் கழற்ற முடியாத ஒரு பட்டை, அதிலும் காது. தெருவுக்குப் போனாலும் பூங்காவுக்குப் போனாலும் கூடவே வரும். அன்றைக்கு நாங்கள் அதையெல்லாம் பெரிதாக நினைக்கவில்லை. அத்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறாமல் எல்லா மாடியும் படியேறி வந்தார். பிள்ளை வந்துவிட்டாள், அது போதும் என்றிருந்தது.

போதவில்லை. வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் நடப்பதுபோல் நடந்தோம். அக்கா ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். அத்தான் பேசுவதையே விட்டுவிட்டார். தன் வேடிக்கைதான் அறிக்கையில் பேரம் என்று ஏறியது என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. நிஜமாகப் பேசுவது ஆலையில் மட்டும்தான். அங்கே அக்கா விரிப்புகளைத் திட்டுவாள். "வாடி இங்க, சுருண்டுகிட்டுப் போறியா, கிழிச்சிடுவேன் கிழிச்சு" என்று ஒரு ஈரத்துணியைப் பார்த்துச் சொல்வாள். எனக்குப் புரியும், அது யாருக்குச் சேர வேண்டியது என்று.

வாலு முதலில் நிறைய முயற்சி செய்தாள். சுவரில் கிறுக்கினாள், மாவைக் கொட்டினாள், என் செருப்பைச் சன்னல் வழியாக எறிந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே இனிப்பான பதில்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவளும் அடங்கிப்போனாள். அவள் சமர்த்தாகிவிட்டாள் என்று டீச்சர் பாராட்டினார்.

ஒரு நாள் சாயங்காலம் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"சித்தி, அந்த வீட்டு ஆன்ட்டி இருக்காங்கல்ல, அவங்க என்னை நல்லாத் திட்டுவாங்க" என்றாள். "நான் பொய்யா வயித்துவலின்னு சொன்னேன்னு ஒரு நாள் அவங்களுக்குச் செம கோபம். அப்புறம் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க."

அந்த வீட்டில் விளக்கு கிடையாது. பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் வீடுகளைத் துறை ஏற்கெனவே நம்பிவிட்டதாம்.

"அப்படியா" என்றேன்.

"அம்மாவுக்குத்தான் என் மேல கோபமே வர்றதில்ல" என்றாள். "எப்ப என்னை அங்க திருப்பி அனுப்புவீங்க?"

அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கூடத்து விளக்கை ஒருமுறை பார்த்தாள், வாலுவின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். பிறகு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, பிள்ளையின் விருப்பத்தை முதலில் கேட்க வேண்டும் என்ற பாடப்படியே, கேட்டாள்.

"உனக்கு அங்கே போக விருப்பமா கண்ணே?"

"ஆமா" என்றாள் வாலு.

மறுநாள் துறையிலிருந்து போன் வந்தது. குழந்தை தன் விருப்பத்தைத் தெரிவித்திருக்கிறாள், நாளைக் காலையில் வந்து நேரில் பேசுகிறோம் என்றார்கள். நான் வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். அவர், "இன்னிக்கு மட்டும் பொறுமையா இருங்க. அன்பா நடந்துக்குங்க. நாளைக்கு அம்மாகிட்டயே இருக்கேன்னு அவ சொல்லிட்டா விட்டுடுவாங்க. இப்ப சத்தம் போட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள்.

அன்று நாங்கள் வேலை முடிந்து வந்தபோது வாலு தன் பையை மேஜை மேல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடமும் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பல் துலக்கும் பிரஷ், கலர் பென்சில், இரண்டு சட்டை. சட்டைகளை அழகாக மடித்திருந்தாள், ஓட்டல் விரிப்பு மாதிரி. அத்தான் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாலு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். நிதானமாகச் சொன்னாள்:

"நான் போறது உங்களுக்கு வருத்தமா இருந்தா சொல்லலாம்மா. நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

நீங்க. உங்களுக்கு. பிறந்ததிலிருந்து தன் அம்மாவை நீ என்று தவிர வேறு எப்படியும் அவள் கூப்பிட்டதில்லை. விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையில் பேசுகிறாள். அக்கா கையிலிருந்த பையைக் கீழே போட்டாள்.

"யாருடி நீங்க?" என்றாள். சத்தம் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. "யாரைப் பாத்து நீங்கன்னு சொல்றே? பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்."

நான், "அக்கா, வேண்டாம்" என்றேன். அத்தான் எழுந்து விளக்கை அணைக்கப் போனார்.

"விடுங்க. கேக்கட்டும்" என்றாள் அக்கா. "நல்லாக் கேக்கட்டும். உன்னை யாருக்கடி நான் குடுப்பேன்? பையை அடுக்கறியா நீ? அந்தப் பையைக் கொளுத்திடுவேன், உன்னையும் சேத்துக் கொளுத்திடுவேன். நாலு மாசமா நெஞ்சுக்குள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு அலையறேன். பல்லு விளக்கலன்னா சொல்றே? வாயைத் தெச்சுடுவேன் ஊசியால. சித்தி செருப்பை எறிஞ்சியே, அந்தச் செருப்பு பிய்ய உன்னை..." அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். அழுகைக்கு நடுவிலும் திட்டினாள். சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது.

வாலு முதலில் பயந்துதான் போனாள். பிறகு அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கி அக்காவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"உனக்கு என் மேல கோபமாம்மா?"

"கோபம்தான்டி. கொலவெறியா இருக்கு."

"அப்ப நான் போகல" என்றாள் வாலு. அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. விளக்கின் காலடியில் பச்சைப் பொட்டு சிவப்பாக மாறியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அன்று அவள் அக்காவின் மேலேயே படுத்துத் தூங்கினாள்.

காலையில் வந்துவிட்டார்கள். அதிகாரி, அந்தத் தம்பி, கூட இன்னும் இரண்டு பேர். பேசுவதற்கு எதுவும் இல்லை, எல்லாம் அவர்கள் கையிலிருந்த திரையில் இருந்தது. நேற்று அடுக்கிய பையையே எடுத்துக்கொண்டார்கள். வாலு படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றாள். விரல் விரலாகப் பிரித்தார்கள். கீழே காரில் ஏற்றும்போது மேலே நின்ற அக்காவைப் பார்த்துக் கத்தினாள்:

"சீக்கிரம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போகல, உன் தோலை உரிச்சுடுவேன் பாத்துக்கோ!"

அதிகாரி தம்பியிடம், என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மா இல்லாம என்னால இருக்க முடியாதுன்னு சொல்றா" என்றான் அந்த ஊர் மொழியில்.

அதிகாரி தலையசைத்தாள். பிறகு கையிலிருந்த திரையைப் பார்த்தாள். பட்டை தன் மொழிபெயர்ப்பை அதற்குள் அனுப்பிவிட்டிருந்தது. அவள் தம்பியை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, திரையில் இருந்ததையே குறித்துக்கொண்டாள்.

அக்கா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். நானும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

"வர்றேன்டி!" என்று கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுச் சன்னல்கள் எல்லாம் திறந்தன. "வந்து உன்னை என்ன பண்றேன் பாருடி!"

கார் முனை திரும்பி மறையும்வரை அவள் திட்டுவதை நிறுத்தவில்லை.